தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு கேமிங் கணினி

2024 ஏப்ரலில் ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்ததில், தள்ளுபடி போகக் கைக்கு வந்தது 75,000 ரூபாய். அந்தப் பணத்துக்கு ஒரே ஒரு செலவு காத்திருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கினால் கேமிங் கணினி வாங்கித் தருகிறேன் என்று அக்கா மகனிடம் சொல்லியிருந்தேன். அவன் மதிப்பெண்ணும் வாங்கி, பொறியியல் கல்லூரியில் முதலாம் ஆண்டையும் முடிக்கும் கட்டத்துக்கு வந்திருந்தான். என் வாக்கு மட்டும் நிலுவையில் நின்றது. தாய்மாமன் கொடுத்த வாக்குக்கு எங்கள் பக்கத்தில் என்ன மதிப்பு என்பதைக் கொங்கு நாட்டாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் வீடு சோமனூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. முன்புறம் குடியிருப்பு, பின்புறம் அப்பா நடத்தும் தறிக்குடோன். எட்டுத் தறிகள் பகலெல்லாமும், பாவு அவசரமாக முடிக்க வேண்டிய நாட்களில் இரவெல்லாமும் ஓடும். கணினி வைக்கப் போகிற அறைக்கும் குடோனுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் சுவர். முதல் கேமிங் கணினிக்குப் பாகங்களைத் தேர்ந்தெடுப்பது பற்றி இணையத்தில் நான் தேடித் தேடிப் படித்தவற்றில் பாதிதான் இந்த வீட்டுக்குப் பொருந்தியது. அவற்றை எழுதியவர்களின் வீட்டில் மின்சாரம் சீராக வருகிறது, அறையில் பஞ்சு பறப்பதில்லை, சித்திரை வெயிலில் சுவர் கொதிப்பதில்லை. பல்லடம், சோமனூர், பள்ளிபாளையம், ஈரோடு போன்ற ஊர்களில் முதல் தடவையாகக் கணினி சேர்க்கப் போகிறவர்கள், கண்ணில் படாத பாகங்களுக்கான பணத்தை முதலில் எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, மிச்சம் இருப்பதில்தான் மற்றவற்றை யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

இந்தக் கருத்து எனக்குப் பட்டுத் தெரிந்தது. 2016இல் நான் வாங்கிய முதல் கணினிக்கு, கேபினட் என்கிற வெளிக்கூட்டோடு சேர்ந்தே ஒரு எஸ்.எம்.பி.எஸ். வந்தது. வீட்டு மின்சாரத்தைக் கணினிப் பாகங்களுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற பெட்டி அது. கடைக்காரர் அதற்குத் தனி விலை போடவில்லை, நானும் அது என்ன சாமான் என்று கேட்கவில்லை. ஒன்றரை வருடம் ஓடியது. ஒரு நாள் சாயங்காலம் மின்சாரம் போய்த் திரும்பி வந்த நிமிடத்தில் டப்பென்று ஒரு சத்தம் கேட்டது; வார்னிஷ் கருகிய வாடை அறையெல்லாம் பரவியது. எஸ்.எம்.பி.எஸ். தான் போனதோடு நிற்காமல், பாகங்களெல்லாம் செருகியிருக்கும் மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அந்த டிஸ்க்கில் எங்கள் அப்பத்தாவின் கடைசி இரண்டு வருடப் படங்கள் இருந்தன. வேறு எங்கும் அவற்றுக்குப் பிரதி இல்லை. எத்தனை வருடமானாலும் அந்த இழப்பு எனக்கு ஆறப் போவதில்லை.

ஆகவே இந்த முறை மருமகனை உட்கார வைத்துத் தாளும் பேனாவுமாகத்தான் தொடங்கினேன். திரைக்குப் படத்தை வரைந்து கொடுக்கும் கிராபிக்ஸ் கார்டு எது வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என்னென்ன விளையாட்டு ஆடுவாய் என்றுதான் கேட்டேன். வேலரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2, ஜிடிஏ 5, ஃபோர்சா ஹொரைசன் 5, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 என்று ஐந்தை எழுதிக் கொடுத்தான். அந்தப் பட்டியலே பாதி முடிவை எடுத்துவிட்டது. முதல் இரண்டும் கிராபிக்ஸ் கார்டை அதிகம் வருத்தாதவை. ஆனால் விநாடிக்கு நூற்றுக்கு மேல் காட்சிகள் வந்தால்தான் ஆடுகிறவனுக்குச் சுகம், அதற்குக் கணினியின் மூளையான பிராசசர் நன்றாக இருக்க வேண்டும். கடைசி இரண்டும் கார்டைப் பிழிந்தெடுப்பவை. நடுவில் இருக்கும் ஜிடிஏ 5 கணினிக்கு வந்தது 2015இல். இன்றைய எந்த நடுத்தரக் கார்டுக்கும் அது பாரமில்லை.

அடுத்து மானிட்டர். பெரும்பாலானோர் இதைக் கடைசியில், மிச்சப் பணத்தில் வாங்குகிறார்கள். அதை முதலில் முடிவு செய்வதே சரி என்பேன், ஏனென்றால் கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதைத் திரைதான் தீர்மானிக்கிறது. 1080பி திரையில் 1920க்கு 1080 என்ற கணக்கில் 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. 1440பி திரையில் 36,86,400. அதாவது ஒவ்வொரு காட்சிக்கும் 78 சதவீதம் கூடுதலான புள்ளிகளைக் கார்டு வரைந்து தள்ள வேண்டும். முதல் கணினிக்கு, இந்தப் பணத்துக்கு, 24 அங்குல 1080பி திரையே போதும். ஆனால் அது 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லி விநாடிக்கு ஒரு முறை படத்தைப் புதுப்பிக்கிறது, 144 ஹெர்ட்ஸ் திரை 6.9 மில்லி விநாடிக்கு ஒரு முறை. மவுஸை வேகமாக நகர்த்தும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். எங்களுக்கு 165 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ் வகைத் திரை ஒன்று 10,000 ரூபாய்க்குள் கிடைத்தது.

இனி கிராபிக்ஸ் கார்டு. இங்கேதான் எனக்கும் மருமகனுக்கும் இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. அவன் மனதில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 இருந்தது. "மாமா, அதுல டிஎல்எஸ்எஸ் இருக்குதுங்க, கரண்டும் கம்மியாத்தான் இழுக்கும்" என்றான். டிஎல்எஸ்எஸ் என்பது படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கி வேகத்தைக் கூட்டும் வசதி. அவன் சொன்னது உண்மை. 115 வாட்டில் ஓடும் அருமையான கார்டு அது. ஆனால் நான் நினைத்திருந்த ஆர்எக்ஸ் 6600 கார்டுக்கும் அதற்கும் அன்றைக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் ரூபாய் வித்தியாசம் இருந்தது. அந்த ஒன்பதாயிரம் எங்கிருந்து வரும் என்று தாளில் எழுதிப் பார்க்கச் சொன்னேன். நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றையும் யு.பி.எஸ். ஒன்றையும் அடித்துவிட்டால் கணக்குச் சரியாக வந்தது. அப்பத்தாவின் படங்கள் போன கதை அவனுக்கும் தெரியும். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தவன், 4060ஐத் தானே அடித்தான்.

ஆர்எக்ஸ் 6600 என்பது 2021 அக்டோபரில் ஏஎம்டி வெளியிட்ட கார்டு. 8 ஜிபி நினைவகம், 132 வாட் மின் தேவை, ஒரே ஒரு 8 முனை மின் இணைப்பு. அதே விலையை ஒட்டி அன்றைக்குக் கடைகளில் அதிகமாகக் காட்டப்பட்டது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050. விளையாட்டுக்கு மட்டும் என்றால் 1080பி திரையில் 6600 அதைவிடத் தெளிவாகவே வேகமானது. அசைபடத் தொகுப்பு, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள், என்விடியாவின் கூடா (CUDA) என்ற கணக்கீட்டு முறையைச் சார்ந்த மென்பொருள்கள் என்று படிப்புக்கோ வேலைக்கோ தேவை இருப்பவர்கள் என்விடியா பக்கம் போவதில் நியாயம் இருக்கிறது. என் மருமகனுக்கு அந்தத் தேவை இல்லை.

3050 வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெயரில் இரண்டு வெவ்வேறு கார்டுகள் விற்கின்றன. 2022இல் வந்த 8 ஜிபி கார்டில் 2560 கூடா கருக்களும் (கணக்குப் போடும் அலகுகள்) 128 பிட் நினைவகப் பாதையும் இருக்கின்றன. 2024 பிப்ரவரியில் வந்த 6 ஜிபி கார்டில் கருக்கள் 2304, பாதை 96 பிட். நினைவகம் மட்டும்தான் குறைவு என்று எண்ணி வாங்குகிறவர் வேகத்தையும் சேர்த்தே இழக்கிறார். 6 ஜிபி கார்டுக்கு என்று ஒரு நல்ல இடமும் உண்டு. அது 70 வாட்டுக்குள் அடங்கிவிடுவதாலும், மதர்போர்டில் கார்டைச் செருகும் பிசிஐஇ துளையே 75 வாட் வரை கொடுக்கும் என்பதாலும், தனி மின் இணைப்பு இல்லாமலே பெரும்பாலும் ஓடிவிடும். அலுவலகத்தில் கழித்துவிட்ட பழைய பெட்டியில் ஒரு கார்டு செருக விரும்புகிறவர்களுக்கு அது நல்ல தேர்வு. 4 ஜிபி கார்டுகளை இன்றைக்குப் புதிதாக வாங்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். குறிப்பாக ஆர்எக்ஸ் 6500எக்ஸ்டி நான்கே நான்கு பிசிஐஇ தடங்களில் பேசுவதால், பிசிஐஇ 3 மட்டுமே உள்ள பழைய மதர்போர்டில் அதன் வேகம் இன்னும் சரிகிறது.

பழைய கார்டு மலிவாகக் கிடைக்குமே என்று நண்பர்கள் சொன்னார்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற மின்பணம் தன் முறையை மாற்றிக்கொண்டதும், அதுவரை அந்த நாணயத்தை ஈட்டும் சுரங்க வேலையில் இரவு பகலாக ஓடிய கார்டுகள் பெரும் எண்ணிக்கையில் பழைய சந்தைக்கு வந்தன. அவற்றில் நன்றாக ஓடுபவையும் உண்டு. ஆனால் பில்லும் உத்தரவாதமும் மிச்சம் இருக்கிற கார்டை, அரை மணி நேரம் விளையாட்டை ஓட்டிப் பார்த்து வாங்கத் தெரிந்த ஒருவர் கூட வர வேண்டும். முதல் கணினி வாங்குகிறவருக்கு அந்த அனுபவம் இருக்காது என்பதால் நான் அந்த வழிக்கே போகவில்லை.

பிராசசரில் யோசிக்க அதிகம் இல்லை. ரைசன் 5 5600 எடுத்தோம்: 6 கருக்கள், 12 இழைகள், 32 எம்பி எல்3 தற்காலிக நினைவகம், பெட்டியிலேயே ஒரு குளிர்விப்பான். இன்டெல் பக்கம் ஐ5 12400எஃப் இதற்கு நிகர். இன்னும் பணம் நெருக்கினால் நான்கு கருக்கள் கொண்ட ஐ3 12100எஃப் கூட 6600ஐ ஓட்டிக்கொண்டு போகும். பெயரின் கடைசியில் வரும் எஃப் என்ற எழுத்துக்கு, உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். ரைசன் 5600இலும் இல்லை. கிராபிக்ஸ் கார்டைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன், இப்போதைக்குக் கணினி ஓடினால் போதும் என்பவர்கள் 5600ஜி வாங்கலாம். ஆனால் அதில் எல்3 நினைவகம் பாதிதான், பிசிஐஇயும் 3தான் என்பதைத் தெரிந்து வாங்க வேண்டும். பிராசசர் உட்காரும் துளையின் தலைமுறையைத்தான் தளம் என்கிறார்கள்; 5600இன் தளம் ஏஎம்4. ஏஎம்5 தளம் புதியது, இன்னும் பல வருடம் நிற்கும்; ஆனால் அதற்கு டிடிஆர்5 ராம் கட்டாயம், மதர்போர்டும் விலை கூட. ஏஎம்4 மதர்போர்டில் பிறகு எப்போதாவது இன்னும் வேகமான 5700எக்ஸ்3டி பிராசசரைச் செருகிக்கொள்ள முடியும் என்பதே எங்களுக்குப் போதுமான வழியாகத் தோன்றியது.

மதர்போர்டு பி550எம். பி450 மலிவுதான், ஆனால் அதன் தொடக்க மென்பொருளான பயாஸ் பழையதாக இருந்தால் 5000 வரிசை பிராசசரை அது அறியாது, கடைக்காரரிடம் புதுப்பித்துத் தரச் சொல்ல வேண்டியிருக்கும். ராம் 8 ஜிபி இரண்டு துண்டுகளாக, டிடிஆர்4 3200. ஒரே 16 ஜிபி துண்டாக வாங்கினால் இரண்டு பாதைகளில் ஒன்று சும்மா கிடக்கும். சேமிப்புக்கு எஸ்எஸ்டி, 1 டிபி, என்விஎம்இ வகை. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 ஒன்றே 150 ஜிபி இடம் கேட்கிறது என்பதால் 500 ஜிபி ஆறு மாதம் கூடத் தாங்காது.

இப்போது எஸ்.எம்.பி.எஸ்.

தறிக்கு உதிரி சாமான் வாங்கும் வேலையும் இருந்ததால் அப்பாவும் எங்களோடு கோவை காந்திபுரம் கடைக்கு வந்திருந்தார். கிராபிக்ஸ் கார்டு, பிராசசர் பற்றியெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைக்காரர் மேசைமேல் இரண்டு எஸ்.எம்.பி.எஸ். பெட்டிகளை எடுத்து வைத்ததும்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். நாற்பது வருடமாக மோட்டாரின் பெயர்ப்பலகையைப் படிக்காமல் மோட்டார் வாங்காதவர் அவர். முதல் பெட்டியின் மேல் 450 வாட் என்று பெரிதாகப் போட்டிருந்தது. அப்பா பெட்டியைத் திறக்கச் சொல்லி, உள்ளே இருந்த இரும்புக் கூட்டைத் திருப்பி, அதன் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சின்ன அட்டவணையை விரலால் தொட்டுப் படித்தார். 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே 20 ஆம்பியர் என்று இருந்தது.

"பன்னண்டு இருவது எரநூத்தி நாப்பது. பேரு நானூத்தி அம்பது, வேலைக்கு ஆவறது எரநூத்தி நாப்பதுங்களா?"

கடைக்காரர் உடனே பதில் சொல்லவில்லை. அப்பா கேட்டது இந்த விஷயத்தின் உயிர்நாடி. கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும் மின்சாரத்தை எடுப்பது 12 வோல்ட் பாதையில்தான். பழைய அமைப்பில் செய்த எஸ்.எம்.பி.எஸ்.கள் 3.3 வோல்ட், 5 வோல்ட் பாதைகளின் கணக்கையும் கூட்டிப் பெரிய எண்ணைப் பெட்டியில் அச்சடித்துவிடுகின்றன. அந்தப் பாதைகளில் இன்றைய கணினிக்குத் தேவை மிகக் குறைவு. இரண்டாவது பெட்டி 550 வாட். அதன் அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேராக 45 ஆம்பியர், அதாவது 540 வாட். எங்கள் கார்டுக்கு 132, பிராசசருக்கு 80 அளவில், மற்றவற்றுக்கு ஒரு 40 என்று கூட்டினால் 250 வாட்தான் வருகிறது. முதல் பெட்டிக்கு அதுவே தலைக்கு மேல் வெள்ளம், இரண்டாவதற்குப் பாதிச் சுமை.

அட்டவணையில் இன்னொரு வரியையும் எங்கள் பக்கத்தார் கட்டாயம் படிக்க வேண்டும். அது உள்ளீட்டு மின்னழுத்தம். சிலவற்றில் 200 முதல் 240 வோல்ட் என்றும், சிலவற்றில் 100 முதல் 240 வோல்ட் என்றும் போட்டிருக்கும். சாயங்காலம் சுற்றிலும் உள்ள குடோன்கள் எல்லாம் ஓடும்போது எங்கள் வீட்டில் மின்னழுத்தம் 190க்குக் கீழே இறங்கியதை ஸ்டெபிலைசர் முள்ளில் பல தடவை பார்த்திருக்கிறேன். தறி மோட்டார் கிளம்பும்போது ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். மின்சாரம் போய் வந்ததும் ஊரில் இருக்கிற மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 100 முதல் 240 என்று போட்ட எஸ்.எம்.பி.எஸ். இந்த இறக்கத்தைத் தாங்கும். 80 பிளஸ் பிரான்ஸ் என்ற வெண்கலத் தர முத்திரையைப் பற்றியும் ஒரு சொல்: அது எவ்வளவு மின்சாரம் வெப்பமாக வீணாகிறது என்பதை மட்டுமே அளக்கிறது. மிகை மின்னழுத்தம், மிகை மின்னோட்டம், குறுக்குச்சுற்று ஆகியவற்றுக்கான பாதுகாப்பு இருக்கிறதா என்பதைத் தனியாகத்தான் கேட்க வேண்டும். ஐந்து வருட உத்தரவாதம் உள்ளதாகப் பார்த்து 4,500 ரூபாய்க்கு எடுத்தோம். மொத்தச் செலவில் மனம் முழுதும் ஒப்பிக் கொடுத்த பணம் அதுதான்.

அதற்கு முந்தின வாரம் வேறொரு கடையில் விலைப்பட்டியல் கேட்டபோது, நாங்கள் எழுதிக் கொடுத்த எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குப் பதிலாகப் பெயரே கேள்விப்படாத ஒன்றைப் போட்டு, "அதே வாட்ஸ்தானுங்ணா" என்று சொன்னார்கள். அந்தப் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டோம். மூன்று கடைகளில் எழுத்தில் விலை வாங்குங்கள். பாகத்தின் பெயரும் மாதிரி எண்ணும் முழுதாக அதில் இருக்க வேண்டும். 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு கூடிய பில்லில் வரிசை எண்களையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்; பிறகு உத்தரவாதத்துக்கு அலைகிறபோது அந்த எண்கள்தான் பேசும். இணையக் கடையில் ஆயிரம், இரண்டாயிரம் குறைவாகக் கிடைத்தாலும், பழுதென்றால் ஒரு பேருந்தில் ஏறிப் போய்க் கொடுக்க முடிகிற தூரத்தில் கடை இருப்பது எனக்கு அந்தப் பணத்துக்குச் சமம்.

கேபினட்டில் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு வண்ண விளக்கு எரிகிறவை கடையின் வாசலிலேயே அடுக்கியிருந்தன. பார்க்க அழகுதான். ஆனால் கண்ணாடி வழியாகக் காற்று போகாது. கோடையில் அறையே 36, 37 டிகிரியில் இருக்கும்போது, உள்ளே போகும் காற்றும் அந்தச் சூட்டில்தான் போகும். அதையும் கண்ணாடியால் அடைத்துவிட்டால் கார்டு தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைத்துவிடும். பணம் கொடுத்து வாங்கிய வேகம் சித்திரையில் கிடைக்காமல் போகும். நாங்கள் எடுத்தது முன்பக்கம் முழுதும் கம்பி வலை போட்டது, முன்னால் இரண்டு விசிறி, பின்னால் ஒன்று. உள்ளே வரும் காற்று வெளியே போவதைவிடக் கூடுதலாக இருந்தால், பஞ்சுத் தூசி சந்து பொந்துகள் வழியாக நுழையாமல் வடிகட்டி வழியாகவே வரும். அந்த வடிகட்டி கழற்றிக் கழுவக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது தறிக்காரர் வீட்டுக்கு முதல் தேவை.

யு.பி.எஸ். 1000 விஏ. விஏ என்பது வாட் அல்ல, எங்கள் யு.பி.எஸ்.ஸில் 1000 விஏ என்பது 600 வாட்டைக் குறிக்கிறது. 600 விஏ என்று மலிவாகக் கிடைப்பவை பல 360 வாட்தான் தாங்கும். மின்சாரம் போனால் விளையாட்டைச் சேமித்துக் கணினியை ஒழுங்காக அணைக்கத்தான் இது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் உட்கார்ந்து ஆடுவதற்கு ஆகாது. விண்டோஸ் உரிமத்தின் விலையை நாங்கள் கணக்கில் சேர்க்க மறந்து, அடுத்த மாதச் சம்பளத்தில் வாங்கினோம். உங்கள் தாளில் அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

சேர்க்கும் வேலையை மருமகனே செய்தான். நான் பக்கத்தில் இருந்தேன். ஏஎம்4 பிராசசரின் அடியில் 1331 ஊசிகள் இருக்கின்றன. அதைத் துளையில் மெதுவாக வைத்தால் தானாகவே இறங்கும், அழுத்தவே கூடாது. ராம் துண்டுகளைப் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது துளைகளில் போட்டான். முதல் தடவை பொத்தானை அழுத்தியபோது விசிறிகள் சுற்றின, திரையில் ஒன்றும் வரவில்லை. அவன் முகம் வாடிவிட்டது. மானிட்டர் கம்பியைப் பழக்கத்தில் மதர்போர்டில் செருகியிருந்தான். கிராபிக்ஸ் கார்டில் மாற்றிச் செருகியதும் படம் வந்தது. பயாஸில் ராமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்காவிட்டால் 3200 ராம் அதைவிடக் குறைந்த வேகத்திலேயே ஓடும். விண்டோஸ் 11இல் வேலரன்ட் ஓட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் பாதுகாப்புத் தொடக்கமும் (செக்யூர் பூட்) இயங்க வேண்டும்; இரண்டும் பயாஸிலேயே இருக்கின்றன. விண்டோஸ் அமைப்பில் போய்த் திரையை 165 ஹெர்ட்ஸுக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் கூடக் கொடுத்த பணத்துக்கு 60 ஹெர்ட்ஸையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

இதற்கெல்லாம் முன்பே, அப்பா டெஸ்ட் விளக்கை எடுத்துக்கொண்டு வந்து அறையின் மூன்று முனைத் துளையில் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. வெளியே குழியில் இருந்த கம்பி துருப்பிடித்து அற்றுப்போயிருந்தது. எர்த் இல்லாத வீட்டில் கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று கை உணரும், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உள்ளே இருக்கும் வடிகட்டிகளிலிருந்து கசியும் சிறு மின்சாரம் போக வழியில்லாமல் கூட்டிலேயே நிற்பதுதான் காரணம். அதைச் சரிசெய்ய ஒரு நாள் ஆனது. அதுவரை கணினியை இயக்க அவர் விடவில்லை.

அன்றிரவு ஃபோர்சா ஓடிக்கொண்டிருந்தபோது அப்பா கிளாம்ப் மீட்டரைக் கொண்டுவந்து, நீட்டிப்புப் பெட்டியின் ஒற்றைக் கம்பியைக் கவ்வ வைத்தார். 1.2 ஆம்பியர் காட்டியது. மானிட்டரையும் சேர்த்து ஏறத்தாழ 275 வாட். "அப்புச்சி, எப்படிங்க?" என்று மருமகன் தாத்தாவிடம் கேட்டான். "ஒரு எச்.பி. மோட்டார்ல பாதி கூட இல்ல கண்ணு, ஓட்டு" என்றார். ஒரு குதிரைத்திறன் 746 வாட். தினம் இரண்டரை மணி நேரம் ஆடினால் இரண்டு மாதத்துக்கு 41 யூனிட் வரும். வீட்டு இணைப்புக்கு அப்போது இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றாலும், மற்றச் செலவோடு இது சேர்ந்தால் அடுத்த கட்டணப் படிக்கு ஏறிவிடக்கூடும் என்பதால் அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். தறிக்கு என்று வாங்கிய இணைப்பில் வீட்டுக் கணினியைச் செருகுவது முறையல்ல, அபராதத்துக்கும் இடமாகும்.

2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் ராம் விலை உலகமெங்கும் கடுமையாக ஏறியது. நாங்கள் 3,600 ரூபாய்க்கு வாங்கிய அந்த இரண்டு துண்டுகளுக்கு இன்று கேட்கும் விலையைப் பார்க்கவே மனம் வருந்துகிறது. இப்போது வாங்குகிறவர்கள் வீட்டிலோ நண்பர்களிடமோ பழைய கணினியில் டிடிஆர்4 ராம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் ஏஎம்4 தளத்துக்கே வருவதற்கு அது இன்னும் ஒரு காரணம். கிராபிக்ஸ் கார்டில் ஒரு படி இறங்கினாலும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மட்டும் இறங்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குடோனில் தறிகள் நிற்கும். அப்பா துடைப்பத்தோடு தறிக்கடியில் குனிந்து வாரத்துப் பஞ்சையெல்லாம் கூட்டி எடுப்பார். அதே நேரத்தில் மருமகன் கேபினட்டின் முன்வலையைக் கழற்றித் திண்ணைக்குக் கொண்டுவருவான். முதல் மாதம் அதில் ஒட்டியிருந்த பஞ்சு ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்துக்கு, கம்பளித் துண்டு போல ஒரே தகடாக உரிந்து வந்தது. விசிறி இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு கைப் பிளோயரால் ஊதுவான். சும்மா சுழல விட்டால் விசிறியின் தாங்கி கெட்டுவிடும் என்று அவனுக்குச் சொன்னது நான். வலையைத் தண்ணீரில் அலசினால் நிழலில் முழுதாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும் என்று சொன்னது அவன் அப்புச்சி.